கேட்லாக் மாமாவின் அலமாரி

என் அத்தை வீட்டில் ஒரு வெங்காயம் கை தவறிக் கீழே விழுந்தால் யாரும் குனிந்து தேடுவதில்லை. அது குளியலறை வாசலில் இருக்கும். சமையலறையில் விழுந்தாலும் அங்கேதான், கூடத்தில் விழுந்தாலும் அங்கேதான். வீட்டைக் கட்டிய கொத்தனார், தண்ணீர் வடிவதற்காகக் குளியலறைத் தரைக்கு மட்டும் கொடுக்க வேண்டிய வாட்டத்தை வீடு முழுவதற்கும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"மனுஷன் தாராள மனசுக்காரர்," என்பார் மாமா. "ஒரு ரூமுக்குக் கேட்டா எல்லா ரூமுக்கும் குடுத்திருக்கார்."

அத்தையின் கணவரான இந்த மாமா மரவேலை செய்பவர். மற்றவர்கள் வீட்டுச் சமையலறையில் அலமாரி அடிப்பது, கதவு மாட்டுவது, இழுத்தால் வராத இழுப்பறையை வரவழைப்பது அவர் தொழில். அவருடைய சட்டைப் பையில் பேனா இருக்காது. விரல் நீளத்தில் ஒரு ரசமட்டம் இருக்கும். சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு குமிழி. குமிழி நடுக்கோட்டில் நின்றால் இடம் சமம், நகர்ந்தால் கோணல். எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் மேசை மேல் அதை வைத்துப் பார்த்த பிறகுதான் தட்டை இழுத்துக்கொள்வார். ஒருமுறை வயிற்று வலி என்று மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கப் படுக்க வைத்தார்கள். படுத்த மனிதர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சிஸ்டர், கால் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கே," என்றார். வயிற்றில் ஒன்றுமில்லை என்று அன்றே அனுப்பிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் அப்படிப்பட்ட வீட்டுக்குக் குடிவந்தார். வந்த அன்று கட்டிலின் மேல் ரசமட்டத்தை வைத்ததும் குமிழி நாய் துரத்தியது போல ஒரு மூலைக்கு ஓடிவிட்டதாம். ஒரு காலை உயர்த்த வேண்டும். மரத்துண்டு வேண்டுமென்றால் பட்டறைக்குப் போக வேண்டும். கைக்கு எட்டியது ஒரு கேட்லாக். மரவேலைக் கருவிகள் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று ஆண்டுதோறும் அச்சிடும் தடிப் புத்தகம். அதை எடுத்துக் காலுக்கு அடியில் கொடுத்தார். உயரம் கூடிவிட்டது. நடுவில் பிரித்து ஒரு பாதியை மட்டும் செருகினார். குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது.

"மரத்துண்டுன்னா உக்காந்து செதுக்கணும். இதுல பக்கத்தைத் திருப்பினாப் போதும்," என்று அத்தையிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அதே வேகத்தில் பீரோ, ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை, பின்னால் வந்த வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் அதே கம்பெனியின் வேறு வேறு வருடத்துப் புத்தகங்களை அளந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தரை ஒரு பக்கமும் வாழ்க்கை ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. எதன் மேல் எது நிற்கிறது என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

பட்டறையில் மாமாவுக்குப் பெயரே 'கேட்லாக்' தான். ஆண்டுதோறும் நகரத்தின் பெரிய மண்டபத்தில் கருவிகளின் கண்காட்சி நடக்கும். அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை. அவரோடு வேலை பார்க்கும் பெயிண்டர் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். கடைக்குக் கடை நின்று, ரம்பத்தைத் தட்டிப் பார்த்து, இழைப்புளி இயந்திரத்தின் வயிற்றைத் தடவிக் கொடுத்து, விற்பனைப் பையன்கள் மூச்சு வாங்கும் வரை விளக்கம் கேட்பார்.

"உங்க கம்பெனி பேரு என்ன சார்?"

"சின்ன கம்பெனிதான். இப்பதான் வளர்ந்துக்கிட்டிருக்கு."

வளர்ந்துகொண்டிருக்கும் கம்பெனி பின்னால் இரண்டு கைகளிலும் பையோடு நின்று தலையாட்டும். கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன், ஒரு கேட்லாக் குடுங்க," என்பார் மாமா. அவர் யோசித்துச் சொல்லாத கம்பெனி அந்த மண்டபத்தில் கிடையாது.

வாங்க முடியவில்லையே என்று அவர் ஏங்கியதாக நினைத்துவிடக் கூடாது. அவருக்கு இருக்கிற உளிகளும் ரம்பமும் துளைபோடும் மெஷினும் போதும். கேட்லாக்கை அவர் மற்றவர்கள் டிவி தொடர் பார்ப்பது போலப் பார்ப்பார். "போன வருஷம் இவனுக்குக் கைப்பிடி கறுப்பா இருந்துச்சு, இந்த வருஷம் சிவப்பாயிட்டான் பாரு. என்னவோ நடந்திருக்கு." விடுமுறைக்கு நான் போனால் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"இந்த இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடினாலும் சத்தம் அதிகம் வராது," என்று படித்தேன் ஒருநாள்.

"அப்போ உங்க அத்தைக்கு நேர் எதிர்."

"காது கேக்குது," என்றது சமையலறை.

"பாத்தியா, ஆன் பண்ணாமயே ஓடுது."

இந்தச் சொத்தெல்லாம் உள்ளறையில் குவிந்து கிடந்தது. குவியல் என்றால் அவருக்குக் கோபம் வரும், அது வகைப்படுத்தல். முதல் வகை, வாங்கவே முடியாதவை. இரண்டாவது, வாங்கினால் வைக்க இடம் இல்லாதவை. மூன்றாவது, வாங்கினால் அத்தை அவரையே வீட்டில் வைக்காதவை. நாளாக ஆக எல்லாம் மூன்றாவது வகைக்கு நகர்ந்து, அது கூரையைத் தொடப் பார்த்தது. நடுவிலிருந்து ஒன்றை உருவப் போய், மேலே இருப்பதெல்லாம் சரிந்து, இடுப்பளவு புதைந்தவரைத் தோண்டியெடுக்க வேண்டி வந்ததும் உண்டு.

அலமாரி செய்கிறவர் தனக்கு ஓர் அலமாரி செய்துகொள்ளக் கூடாதா? அதற்கும் பதில் வைத்திருந்தார். செய்யலாம் என்று பலகையை எடுக்கும்போதெல்லாம் புதுக் கேட்லாக் வந்துவிடும். அதில் அதே வேலைக்கு இன்னும் நல்ல கருவி ஒன்று இருக்கும். இவ்வளவு நல்ல கருவி உலகத்தில் இருக்கும்போது பழைய கருவியால் செய்வது அலமாரிக்குச் செய்கிற அவமரியாதை என்று பலகையைத் திரும்ப வைத்துவிடுவார்.

இந்த நிலையில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறாள். கைக்குழந்தையோடு கொஞ்ச மாதம் அம்மா வீட்டில் இருக்க வருகிறாள். குழந்தையின் கட்டில் போட ஓர் அறை வேண்டும். வரும் நாள் ஞாயிற்றுக்கிழமை.

அத்தை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். ஊசி குத்தியதே தெரியாது என்று ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். பெயர் ஒட்டாத குழாய் ஒன்றைக்கூட அவள் கையால் தொடமாட்டாள். வீட்டிலும் சர்க்கரை டப்பாவுக்கு லேபிள், உப்பு டப்பாவுக்கு லேபிள், டார்ச் லைட்டுக்கு 'டார்ச் லைட்' என்று லேபிள். போனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒரே ஒரு அலமாரி. அதுக்குள்ள எத்தனை அடங்குதோ அத்தனை இருக்கட்டும். அடங்காம வெளியில ஒண்ணு கிடந்தாலும் மொத்தமும் பழைய பேப்பர்காரருக்கு."

"மொத்தமுமா?"

"மொத்தமும். அவர்கிட்ட சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டியோட வருவார்."

"ஏம்மா, அவர் அதையெல்லாம் எடைக்குப் போடுவாரும்மா."

"பின்ன, உக்காந்து படிப்பாரா?"

மாமா முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளிலிருந்து பட்டறையில் விளக்கு அணையவில்லை. பழைய உளி, பழைய ரம்பம், பழைய இழைப்புளி. ஆணி ஒன்றுகூட இல்லாமல் பலகையும் பலகையும் பல்லுக்குப் பல் கடித்துக்கொள்ளும்படி வெட்டிப் பொருத்தினார். பெயிண்டர் பளபளவென்று மெருகு ஏற்றிவிட்டார். ஞாயிறு காலை அத்தை வேலைக்குப் போனதும் சின்ன லாரியில் வந்து இறங்கியது அலமாரி. கூடத்துச் சுவர் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகளாகக் கருவிக்குக் காத்திருந்தவர் தன் வேலையைத் தானே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இது யார் செஞ்சது? நல்லாருக்கே!" என்று பெயிண்டரிடம் கேட்டார்.

வகைப்படுத்தலில் அத்தை கைவைத்திருந்தாள். பெயர் ஒட்ட முடியாத வகை வகையே இல்லை, எல்லாம் வருட வரிசையில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. ரத்தம் எடுக்கும் குழாய்களுக்கு ஒட்டும் லேபிள் சுருளை, விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மாமா எடுத்துக் கொடுக்க, பெயிண்டர் தூசி தட்ட, நான் வருடம் எழுதி முதுகில் ஒட்டினேன். தும்மிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பாதி காலை போனது. பெயிண்டர் ஒரு படத்தைப் பார்த்து, "அண்ணே, இந்த ஸ்ப்ரே மெஷினைப் பாருங்களேன்," என்று உட்கார்ந்துவிடுவார். மாமா, "வேலையப் பாருப்பா," என்று அதட்டிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் பெரிய கம்பெனியின் ஆண்டுக் கேட்லாக்குக்கு 'தடியன்' என்று பெயர் வைத்திருந்தார்கள் இருவரும். தடியன்களுக்கு நடுத்தட்டு. வருட வரிசையில் அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, பால் பல் விழுந்த குழந்தை சிரிப்பது போல அங்கங்கே இடைவெளி.

மாமாவால் நிற்க முடியவில்லை. இடைவெளிக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார்.

"இது எங்கண்ணே போச்சு?"

"எங்கயும் போகல. கட்டிலுக்கு அடியில நிக்குது." பிறகு மாமாவே மெல்லச் சொன்னார். "வெளியில ஒண்ணு கிடந்தாலும் மொத்தமும் போயிரும்னு சொல்லியிருக்கா. கட்டிலுக்கு அடியும் வெளியிலதானே? கொஞ்சம் கட்டிலத் தூக்கு."

பெயிண்டர் கட்டிலைத் தூக்கினார். மாமா உருவினார். தூசியை ஊதி, முதல் பக்கத்தைப் பார்த்து, "வாடா, வாடா," என்று பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு இடைவெளியில் நிறுத்தினார். ஒரு பல் முளைத்தது. பிறகு பீரோ. பிறகு சாப்பாட்டு மேசை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. "மாமா, அதை எடுத்தா..." என்று ஆரம்பிப்பதற்குள் இருவரும் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வாஷிங் மெஷின். அத்தையின் வெள்ளைக் கோட்டுகளை உள்ளே சுழற்றிக்கொண்டிருந்த அதை, ஓட ஓடத் தூக்கி உருவினார்கள்.

நடுத்தட்டு நிறைந்தது. முதல் வருடத்திலிருந்து இந்த வருடம் வரை இடைவெளியே இல்லாத ஒரு வரிசை. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, தூசியாகவும் இருக்கலாம்.

முதலில் ஃபிரிட்ஜின் கதவு திறந்தது. யாரும் திறக்கவில்லை. பெயிண்டர் போய்ச் சாத்தினார். திரும்பினார். மறுபடியும் திறந்தது.

"உள்ள யாராவது இருக்காங்களாண்ணே?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் பீரோ இரண்டு கதவுகளையும் விரித்து, வாங்க வாங்க என்றது. மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து விளிம்பு வரை போய் யோசித்துக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். கட்டிலிலிருந்து தலையணை சறுக்கி இறங்கியது, பின்னாலேயே இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, துணி பிழியும் கட்டத்துக்கு வந்திருந்த வாஷிங் மெஷின் தடதடவென்று குதித்து, குழாயை இழுத்துக்கொண்டு அறைக்கு வெளியே நடக்க ஆரம்பித்தது. மாமா அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, "நில்லு! நில்லுங்கறேன்ல!" என்று கத்த, பெயிண்டர் பின்னாலிருந்து அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து குதித்தார். அவர் குரலும் குதித்தது. "சு-வி-ச்-ச ஆ-ஃப் ப-ண்-ணு-ங்-க-ண்-ணே!"

அத்தை அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே டாக்ஸியிலிருந்து மகள், மகள் தோளில் பாப்பா, டாக்ஸிக்காரர் கையில் மடக்கிய குழந்தைக் கட்டில்.

அத்தை திறந்த ஃபிரிட்ஜைப் பார்த்தாள். திறந்த பீரோவைப் பார்த்தாள். மெஷினைக் கட்டிக்கொண்டிருந்த பெயிண்டரைப் பார்த்தாள்.

"வாங்க அண்ணி," என்றார் பெயிண்டர்.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் மகள் குழந்தைக் கட்டிலை உள்ளறையில் விரித்தாள். கால்களில் சின்னச் சக்கரங்கள். "பூட்டுறது ஒண்ணு உடைஞ்சு போச்சுப்பா, பாத்துக் குடுங்க," என்று சொல்லி, பாப்பாவின் துணிப் பையை அதற்குள் வைத்தாள். கட்டில் புறப்பட்டது. அவசரமே இல்லாமல் உள்ளறையைக் கடந்து, கூடத்தைக் கடந்து, எங்கள் எல்லோருக்கும் நடுவில் ஊர்வலம் போய், குளியலறைக் கதவில் மெத்தென்று முட்டி நின்றது.

"வெங்காயம்," என்றாள் அத்தை.

பிறகு அலமாரியின் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். லேபிள்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தாள். உள்ளறையில் ஒரு தாள்கூட இல்லை. சொன்ன சொல் மாறாதவள். பேப்பர்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சொன்னபடியே செஞ்சிட்டீங்க. அலமாரி அழகா இருக்கு. இப்ப எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்துல வைங்க."

மாமா அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "முடியாது."

"என்னது?"

"வருஷ வரிசையில நிக்குது. ஒரு பல்லு விழாம நிக்குது. இப்படி நான் பாத்ததே இல்ல. நீதானே ஒண்ணு வெளிய கிடக்கக் கூடாதுன்ன?"

"நான் குப்பையைச் சொன்னேன். வீடு நிக்கிறதே அது மேலதான்னு யாருக்குத் தெரியும்?"

"நாளைக்குப் பட்டறையில மரத்துண்டு செதுக்கிக் கொண்டு வந்துடறேன்."

"நாளைக்கு! எத்தனை வருஷமா இந்த அலமாரியையும் நாளைக்குத்தான் செஞ்சீங்க! இன்னைக்கு ராத்திரி பிள்ளை எங்க தூங்கும்? குளியலறை வாசல்லயா?"

"அப்பா, மெஷின் மறுபடியும் நகருது," என்றாள் மகள்.

பெயிண்டர் குழந்தைக் கட்டிலை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய், திருகாணிகளைக் கழற்றிச் சக்கரங்களை எடுத்துவிட்டார். இனி ஓடாது. அத்தை பாப்பாவை வாங்கி மெத்தையின் நடுவில் படுக்க வைத்தாள். பாப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு மெதுவாக, மிகவும் மரியாதையாக, உருண்டுபோய்க் கம்பி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாள். மறுபடியும் உருண்டது. அதற்கு இது விளையாட்டாகிவிட்டது. கைகொட்டாத குறையாகச் சிரித்தது. மகள் சிரித்தாள், பெயிண்டர் சிரித்தார், கடைசியில் அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கட்டிலின் விளிம்பில் வைத்தார். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் நின்றது. பாப்பாவும் ஓரத்தில், குமிழியும் ஓரத்தில். அவர் குமிழியைப் பார்த்தார். கூடத்தில் தெரிந்த நடுத்தட்டைப் பார்த்தார். திரும்பக் குமிழியைப் பார்த்தார். இடைவெளி உள்ள வரிசையைப் பார்க்கப் பொறுக்காத மனிதர்தான். ஆனால் ஓரத்தில் நிற்கும் குமிழியை அதற்கும் முன்னாலிருந்தே பொறுக்காதவர்.

எழுந்து போனார். எடுத்துக் கொடுக்கப் பெயிண்டர் கை நீட்டினார், விடவில்லை. இன்னும் ஒரு பக்கம்கூடப் பார்க்காத இந்த வருடத்துத் தடியனைத் தானே உருவிக்கொண்டு வந்து, தரையில் படுத்து, கட்டிலின் காலுக்கு அடியில் செருகினார்.

"குமிழி எங்க?"

"இன்னும் கொஞ்சம்ப்பா," என்றாள் மகள்.

பிரித்துப் பக்கத்தைத் திருப்பினார். "இப்ப?"

"துளியூண்டு."

படுத்தபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினார். நடுவில் சத்தம் நின்றுவிட்டது.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இந்த வருஷம் கைப்பிடி நீலமாயிருக்கு."

"என்னங்க!"

இன்னும் இரண்டு பக்கம் திருப்பினார். குமிழி நடுக்கோட்டுக்கு வந்து அசையாமல் உட்கார்ந்தது. பாப்பா மெத்தையின் நடுவில் கிடந்து, ஏன் இப்போது யாரும் உருட்டவில்லை என்று எங்களைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்று மட்டும் என்ன, எல்லாம் போனது. ஃபிரிட்ஜ், பீரோ, மேசை, மெஷின். ஒவ்வொன்றாக உருவும்போது மாமா நடுத்தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொக்கை வாயாகிக்கொண்டிருந்த அந்தத் தட்டின் முன்னால் அத்தை லேபிள் சுருளோடு போய் நின்றாள். ஓர் இடைவெளி விழுந்தவுடன் அந்த இடத்துப் பலகையில் ஒன்றை ஒட்டினாள். வருடம் எழுதி, கீழே 'கட்டில், தலைமாடு, ஜன்னல் பக்கம்' என்று எழுதினாள். அடுத்ததில் 'ஃபிரிட்ஜ், பின்னால், சுவரோரம்.' குழந்தைக் கட்டிலுக்குப் போனதற்கு 'பாப்பா' என்று மட்டும்.

மாமா வந்து படித்தார். விரலால் முதலிலிருந்து கடைசிவரை தொட்டுக்கொண்டே போனார். புத்தகம் இருந்த இடத்தில் புத்தகம், இல்லாத இடத்தில் லேபிள். ஒரு வருடம்கூட விடுபடவில்லை.

"இடைவெளியே இல்ல போலிருக்கே," என்றார்.

"எங்க லேப்ல குழாய் வெளிய போனாலும் அதோட இடம் காலியா இருக்காது," என்றாள் அத்தை.

இப்போதும் அந்த முறைதான். மாமாவுக்கு ஒரு பழைய வருடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லேபிளைப் படிப்பார், ஆள் கூப்பிடுவார். பெயிண்டர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, மாமா தரையில் படுத்தபடி, "இன்னும் ஒரே ஒரு பக்கம்ப்பா," என்று படிப்பார். ஒரு நாள் மதியம் அத்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தபோதே தூக்கிவிட்டார்கள். கண்ணைத் திறக்காமல், "படிச்சிட்டு அதே பக்கத்துல வைங்க," என்றாளாம்.

அடுத்த வருடக் கண்காட்சிக்கு அத்தையும் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். மாமா ஒரு புது ரம்பத்தின் முன்னால் வழக்கம்போல யோசித்துக்கொண்டிருந்தார். அத்தை அந்தக் கடையில் அடுக்கி வைத்திருந்த கேட்லாக்குகளில் ஒன்றை எடுத்து, ரத்தம் எடுக்க நரம்பு பார்ப்பது போல இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். விற்பனைப் பையன் ஓடி வந்தான்.

"எந்த மெஷின் பாக்கறீங்க மேடம்?"

"மெஷினெல்லாம் அவர் பாப்பார். பாப்பாவுக்குக் குட்டி நாற்காலி வாங்கியிருக்கோம், ஒரு கால் ஆடுது. இதவிடக் கொஞ்சம் மெல்லிசா ஏதாவது இருக்கா தம்பி?"